ஓய்வு பெறவில்லை, நீக்கப்பட்டார்

போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் ஆலையின் இரண்டாம் ஷிப்ட் டைம்கீப்பர் சந்தானம் அலுவலக வாசலில் வந்து நின்றார். மாலை நான்கு மணிக்கு வரவேண்டியவர் காலையிலேயே வந்து நிற்கிறாரே என்று தட்டச்சு எந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினேன். "வயிரவன் அண்ணன் போயிட்டாக" என்றார். நெஞ்சுவலி என்று விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தாராம், தண்ணீர் கேட்டாராம், அது வருவதற்குள் முடிந்துவிட்டதாம். ஐம்பத்திரண்டு வயது.

அரை மணி நேரத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக நான்கு வரி எழுதிக் கொடுத்தார். "நமது ஆலையில் நேரக் காப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற திரு. வயிரவன் செட்டியார் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக் கொள்கிறோம்" என்று தொடங்கியது. 'ஓய்வு பெற்ற' என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. தாளை உருவிக்கொண்டு மறுபடி அவர் அறைக்குப் போனேன். அவர் ஓய்வு பெறவில்லையே சார் என்றேன். இறந்தவரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை போடுவதுதான் மரியாதை என்றார். "அப்படின்னா நீக்கப்பட்டவர்னு போடுங்க சார். அந்த ஆர்டரை அடிச்சவ நான். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். அவர் முகம் கறுத்தது. வேறு ஒருவரைக் கூப்பிட்டுக் கையாலேயே எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். 'ஓய்வு பெற்ற' என்ற அந்தப் பொய் இப்போதும் அங்கே தொங்குகிறது.

அந்தப் பலகையில் எழுத விடாததை இங்கே எழுதுகிறேன். இதற்காக எனக்கு மெமோ கொடுப்பதானால் கொடுக்கட்டும். எங்கள் ஆலையில் மெமோ அடிக்க வேறு ஆள் கிடையாது, அதையும் நானேதான் அடித்து நானே வாங்கிக்கொள்ள வேண்டும்.

வயிரவன் செட்டியாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரைக்குடிக்கு வெளியே இருக்கும் எங்கள் நூற்பாலையில் அவர் பத்தொன்பது ஆண்டுகள் டைம்கீப்பராக இருந்தார். காலை எட்டு மணிச் சங்கு ஊதும்போது வாயிலை ஒட்டிய சிறு அறையில் நின்றுகொண்டு, தொழிலாளர்கள் ஒவ்வொருவராகக் கொடுக்கும் பித்தளை டோக்கனை வாங்கி மாட்டுவார். யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று மஸ்டரில் எழுதுவார். வந்தவருக்குக் கறுப்பு மை, தாமதத்துக்குச் சிவப்பு மை. ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத கதர்ச் சட்டை. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரோடு சண்டை போட்டேன். திருப்பத்தூரிலிருந்து வந்த பஸ் வழியில் பழுதாகி, ஏழு நிமிடம் தாமதமாக மூச்சிரைக்க ஓடி வந்தேன். அவர் எழுந்து நின்று, "வாங்க தங்கச்சி" என்று அன்பாகக் கூப்பிட்டார். பிறகு உட்கார்ந்து என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஏழு என்று எழுதினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் நாள், புதுப்பிள்ளை, பஸ் பழுதானால் நான் என்ன செய்வேன், மனசாட்சி வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடியும் வரை பொறுமையாக இருந்தார். "பஸ் நின்னுருச்சுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கேன் பாருங்க தங்கச்சி. வந்த நேரத்த மாத்தி எழுத எனக்கு உரிமை இல்ல. வந்த காரணத்த எழுத உரிமை இருக்கு" என்று மஸ்டரைத் திருப்பிக் காட்டினார்.

மேனேஜரின் மைத்துனர் பையன் ஒருவர் ஸ்டோர்ஸில் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் ஒன்பது மணிக்கு வருவார். அவருக்கும் சிவப்பு மைதான். காரணம் என்ற இடத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார் வயிரவன் அண்ணன். இந்த ஒரு சொல்லுக்காக மேனேஜர் அவரை மனத்துக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் பதினைந்து வருடம் அந்த மனிதருடைய கடிதங்களை அடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இனி நடந்தது புரியவேண்டுமானால் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நகரத்தார் குடும்பங்களில் ஆண்வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவார்கள். மஞ்சள் நீர் புகட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்தப் பிள்ளை புது வீட்டுப் பிள்ளை. பெயர், சொத்து, சடங்கு, நல்லது கெட்டது எல்லாம் புது வீட்டோடு. பெற்றவள் அதற்குப் பிறகு பங்காளி வீட்டுப் பெண்மணி, அவ்வளவுதான். ஆத்தா என்று கூப்பிடும் முறையும் மாறிவிடும். வயிரவன் அண்ணன் கானாடுகாத்தானில் பிறந்தவர். ஐந்து வயதில் காரைக்குடி வீட்டுக்குப் பிள்ளை வந்தவர். பெற்றவர் சீதை ஆச்சி. கூட்டிக்கொண்டவர் மீனாட்சி ஆச்சி. சீதை ஆச்சியை அவர் சின்னாத்தா என்றுதான் கூப்பிடுவார். ஆலைப் பதிவேட்டில் தாயார் பெயர் என்ற கட்டத்தில் மீனாட்சி என்றிருக்கும்.

சீதை ஆச்சியின் கணவர் பர்மாவிலேயே இறந்துபோனார். மூத்த மகன் மலேயாவுக்குப் போனவர், முதலில் கடிதம் வந்தது, பிறகு கடிதமும் இல்லை. பாதிப் பேர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட தெருவில், எழுபது தூண் நிற்கிற ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், உள்வீடு என்று சொல்கிற ஓர் அறையில் அந்த ஆச்சி தனியாக இருந்தார். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு பாதி குழறியது.

அன்று தொடங்கியது வயிரவன் அண்ணனின் அலைச்சல். மாலை நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறுவார். இரவு அங்கே இருந்து, விடியும் முன் எழுந்து, ஆச்சியைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, முதல் பஸ்ஸைப் பிடித்து ஆலைக்கு வருவார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்திருந்தார். அந்த அம்மாள் வராத நாளில் இவர் ஆலைக்கு வரமுடியாது. அவர் மனைவி உமையாள் ஆச்சியும் முறை வைத்துப் போனார், ஆனால் கனத்த உடம்பைத் தனியாளாகத் தூக்கிப் புரட்ட அவரால் ஆகவில்லை. ஆக மாதத்தில் நான்கைந்து நாள் தாமதம், இரண்டு மூன்று நாள் வரவே முடியவில்லை.

இந்தத் தாமதங்களை மஸ்டரில் எழுதியது யார்? அவரேதான். சங்கு ஊதிப் பத்து நிமிடம் கழித்து உள்ளே வருவார். அதுவரை டோக்கன் வாங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்வார், சிவப்பு மையை எடுத்து, தன் பெயருக்கு நேரே பத்து என்று எழுதுவார். வாட்ச்மேன் கெஞ்சுவாராம், அண்ணே யாரு பாக்கப் போறாக, கறுப்புல எழுதுங்க என்று. நானும் சொன்னேன். உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணே என்றே கேட்டேன். சிரித்துக்கொண்டு, "உங்களுக்கு ஏழு போட்டவன் நான் தங்கச்சி" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இந்த மனிதர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா!

வழி இல்லாமல் இல்லை. சந்தானம் தானாகவே முன்வந்தார். ஆறு மாதத்துக்கு ஷிப்டை மாற்றிக்கொள்கிறோம், நான் காலையில் நிற்கிறேன், அண்ணன் மாலை நாலு மணிக்கு வரட்டும், பகல் முழுவதும் அங்கே இருந்து பார்த்துக்கொள்ளலாம், ராத்திரிக்கு அந்த அம்மாள் தங்கிக்கொள்வார் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் அடித்தேன். ஆலைக்கு இதனால் ஒரு நிமிட நட்டம் கிடையாது. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, இன்றைக்கு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார். ஊரே வந்து நின்றால்தான் என்ன? ஊரில் எல்லார் வீட்டிலும் நோயாளி இருந்தால் எல்லாரும்தான் கேட்பார்கள். இந்த எளிய விஷயம் படித்த மனிதருக்கு உறைக்கவில்லை. உறைத்தும் உறைக்காதவர்போல் இருந்தாரோ என்னவோ. ஓரமாக வைத்த கையோடு முதல் மெமோவை அடிக்கச் சொன்னார்.

இரண்டாவது மெமோ வந்த பிறகு வயிரவன் அண்ணன் விடுப்புக்கு விண்ணப்பித்தார். தாய், தந்தை, மனைவி, பிள்ளைகள் கடுமையான நோயில் படுத்தால் ஊதியமில்லாத விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆலை விதியில் இருந்தது. ஒரு மாதம் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் 'தாயார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தார்.

மேனேஜருக்கு லட்டு கிடைத்த மாதிரி இருந்தது. அவரும் இந்த ஊர்க்காரர், வழக்கம் எல்லாம் தெரிந்தவர். வெள்ளிக்கிழமை கோவிலூர் கோயிலில் உங்கள் தாயாரைப் பார்த்தேனே, நடந்துதானே வந்தார்கள் என்று அண்ணனைக் கேட்டார். பொய்க்காரணம் காட்டி விடுப்புக் கேட்டதாக மூன்றாவது மெமோ தயாரானது.

இங்கேதான் நான் வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்த இடத்துக்கு வரும்போது கை கூசுகிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் பெண்பிள்ளை, வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைப் பார்த்து எழுதினால் அண்ணனுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். மடச்சி!

ஆலைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கானாடுகாத்தான் போனேன். முன்தெரு வாசல் பூட்டியிருந்தது, பின்தெருக் கதவு வழியாக உள்ளே போனேன். அண்ணன் ஆச்சியைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுத் தலைசீவிக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, காப்பிக்குத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனார். நான் எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் சீதை ஆச்சி இடது கையால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குழறலாக இருந்தாலும் காதைக் கொடுத்துக் கேட்டால் புரிந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அவன் காரைக்குடி வீட்டுப் பிள்ளை தாயி. நான் விட்டுக் குடுத்துட்டேன். எனக்குப் பாத்தியதை இல்ல. வேலை போயிரும், வரவேணாம்னு சொன்னாக் கேக்க மாட்டேங்குறான். நீங்க சொல்லுங்க."

ரிப்போர்ட்டில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? நோயாளி படுக்கையில் இருப்பது உண்மை. ஊழியர் காரைக்குடி வீட்டுப் பிள்ளை என்றும், தமக்கு அவர்மீது பாத்தியதை இல்லை என்றும் நோயாளியே கூறினார். இவ்வளவுதான். அந்தத் தாய் எதற்காக அப்படிச் சொன்னார் என்பதை எழுதவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை எழுதவில்லை. என்ன சார் இது, பெற்ற தாய்தானே என்று ஒரு வரி எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுவதுதான் ரிப்போர்ட் என்று தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் படித்திருந்தேன். சுருக்கமாக, சுத்தமாக, ஒரு பிழை இல்லாமல் எழுதி நீட்டிவிட்டேன்.

விசாரணைக்கு மதுரையிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்தார்கள். மேனேஜர் அறையில் நடந்தது. நடப்பதை எல்லாம் குறித்து அடிக்க வேண்டியவள் நான், மூலையில் உட்கார்ந்திருந்தேன். மஸ்டரை விரித்து வைத்து, இந்தச் சிவப்பு எழுத்துகள் யாருடையவை என்று வக்கீல் கேட்டார். என்னுடையவை என்றார் அண்ணன். வேறு சாட்சியே தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு விண்ணப்பத்தை எடுத்தார்.

சீதை என்பவர் உமக்கு என்ன உறவு என்று கேட்டார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆன மனிதர், ஐந்து வயதிலிருந்து வெளியில் சொல்லாத சொல். "ஆத்தா" என்றார்.

பதிவேட்டில் மீனாட்சி என்றிருக்கிறதே என்றார் வக்கீல். "அவுகளும் ஆத்தா" என்றார். மேனேஜர் வக்கீலுக்கு வழக்கத்தை விளக்கிச் சொன்னார், பிள்ளை போனவருக்குப் பெற்றவர்கள் உறவு கிடையாது என்று. பிறகு என் ரிப்போர்ட்டை எடுத்து உரக்கப் படித்தார்.

வயிரவன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. "ஆத்தா அப்படியா சொன்னாக? வேற என்ன சொன்னாக தங்கச்சி?" என்று கேட்டார். தன் தாய் தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அந்தக் குரலில் இருந்தது. டைப்பிஸ்ட் இங்கே சாட்சி இல்லை, அவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்றார் வக்கீல். நான் வாயைத் திறந்திருக்கலாம். என்னைத் தூக்கிலா போட்டிருப்பார்கள்? தலையைக் குனிந்துகொண்டு, டைப்பிஸ்ட் சாட்சி இல்லை என்பதையும் குறிப்பில் எழுதினேன்.

மேனேஜர் தன் பெரிய சாட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தார். மீனாட்சி ஆச்சியை வரச் சொல்லியிருந்தார். கூட்டி வளர்த்த பிள்ளை பெற்றவள் பின்னால் ஓடினால் எந்த அம்மாளுக்கு வயிறு எரியாது, வந்து பொரிந்து தள்ளுவார், அதோடு காரியம் முடிந்தது என்று கணக்குப் போட்டார். ஆச்சி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். எழுபதை நெருங்கிய வயது, வெள்ளைச் சேலை, நிமிர்ந்த நடை. நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை. நீங்கள் நல்ல ஆரோக்கியமாகத்தானே இருக்கிறீர்கள் என்று வக்கீல் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். அதுனாலதான் அவன அங்குட்டு அனுப்புறேன். நான் படுத்தா இங்குட்டு இருப்பான். இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் ஆச்சி.

மேனேஜர் குறுக்கிட்டு, ஆச்சி நம்ம வழக்கம் தெரியாமல் பேசக் கூடாது, பிள்ளை கூட்டிய பிறகு அந்த வீட்டு உறவு ஏது என்றார். ஆச்சி அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கா வழக்கம் சொல்றீக? மஞ்சத்தண்ணி குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்தவ நான். அன்னைக்குச் சீதை அழுகல. அழுதாப் பிள்ளைக்கு ஆகாதுன்னு உள்வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. வண்டி தெருவத் தாண்டுற வரைக்கும் தெறக்கல. நான் பாத்தேன். நீங்க பாத்தீகளா? தெனமும் தூக்குச்சட்டியில சோறு கட்டிக் குடுத்து அனுப்புறது நான்தான். தப்புன்னா எனக்குக் குடுங்க உங்க மெமோவ."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை. ஒரு சொல் விடாமல் எழுதினேன். இதற்கு மேல் என்ன வேண்டும், அண்ணன் தப்பித்தார் என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் மேனேஜர் தீர்ப்பின் வரைவை என்னிடம் அடிக்கக் கொடுத்தார். ஆச்சி சொன்ன அத்தனையிலும் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'ஊழியரின் தாயாரே நேரில் தோன்றி, தாம் நல்ல உடல்நலத்துடன் இருப்பதாக வாக்குமூலம் அளித்தார். எனவே விண்ணப்பத்தில் கண்ட காரணம் பொய்.' இதை எழுதிய கைக்கு வெட்கம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. அடித்த கைக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஆனாலும் அடித்தது. ஐந்து பிரதி, கார்பன் வைத்து.

நீக்கல் உத்தரவுக்கு முன் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்களாம். ஒரு மன்னிப்புக் கடிதம், அதையும் நானே அடித்தேன். 'உறவினர் ஒருவரைத் தாயார் எனத் தவறாகக் குறிப்பிட்டதற்கு வருந்துகிறேன்.' இதில் கையெழுத்துப் போட்டால் வேலை நிற்கும், ஒரு வருடச் சம்பள உயர்வு மட்டும் போகும். தொழிற்சங்கத்துக்காரர்கள்கூடப் போட்டுவிடுங்கள் என்றார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், காகிதம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் போய்க் கெஞ்சினேன். அண்ணன் கடிதத்தைக் கடைசி வரை படித்தார்.

"தாயார்னு எழுதாம இருந்திருந்தா எழுதாமயே போயிருக்கலாம் தங்கச்சி. எழுதிட்டேன். இனி அடிச்சு எழுதினா, ரெண்டாவது வாட்டி விட்டுக் குடுத்த மாதிரி ஆகும். ஒரு தடவை என்னைக் கேக்காமக் குடுத்தாக. இப்ப நானே எப்படிக் குடுக்குறது?"

மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீக்கல் உத்தரவை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். மேனேஜருக்கு நேரில் கொடுக்கத் தைரியம் இல்லை. டைம் ஆபீசில் நின்றபடியே படித்தார், இரண்டு பக்கமும். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டு நின்றேன். "ஒரு பிழை இல்ல. சுத்தமா அடிச்சிருக்கீக" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதில்லை அது. அவருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. நல்ல வேலையைக் கண்டால் நல்ல வேலை என்று சொல்லிவிடுவார். அந்தப் பாராட்டை இத்தனை வருடமாக நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்கிறேன்.

வழக்குப் போடலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். மதுரைக்கும் காரைக்குடிக்கும் வாய்தா வாய்தாவாக அலைந்தால் ஆத்தாவை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டார். கானாடுகாத்தானிலேயே பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்துக்கொண்டார். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களின் சாவிகளை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு முறை கதவு சன்னல்களைத் திறந்து காற்றாடவிட்டுக் கூட்டிப் பெருக்குவது. பத்தொன்பது ஆண்டு ஒரு ஆலையின் நேரத்தைக் காத்தவர் ஆளில்லாத வீடுகளில் ஒட்டடை அடித்தார். யாராவது பரிதாபப்பட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

சீதை ஆச்சி அதன் பிறகு இரண்டரை ஆண்டுகள் இருந்தார். முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டார் மகன். அந்த ஆச்சி போனபோது நானும் போயிருந்தேன். கொள்ளி வைக்கும் நேரத்தில், பிள்ளை போனவர் வைக்கக் கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். அதுவரை அந்தப் பின்தெருக் கதவை ஒரு நாள் தட்டிப் பார்க்காத ஒரு தூரத்துப் பங்காளி வந்து கொள்ளியை வாங்கினார். அத்தனை வருடம் மலமூத்திரம் எடுத்த கை சும்மா கட்டிக்கொண்டு நின்றது. என்னால் அந்தச் சுடுகாட்டுப் பக்கமே போக முடியாது, பெண்பிள்ளை, தெருமுனையோடு நின்றுவிட்டேன். சந்தானம் வந்து சொன்னபோது தெருவென்றும் பார்க்காமல் திட்டினேன். அண்ணன் மட்டும், வழக்கம் அப்படி, அவர்கள் என்ன செய்வார்கள் என்றாராம்.

இப்போது அவரும் போய்விட்டார். வியாழக்கிழமை மாலை காரைக்குடி வீட்டுக்குப் போனேன். முகப்பு நிறைய எங்கள் ஆலைத் தொழிலாளர்கள். முதல் ஷிப்டில் பாதிப் பேர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள், அத்தனை பேரும் அவரிடம் சிவப்பு மை வாங்கியவர்கள். உமையாள் ஆச்சியும் மகள்களும் உடம்பின் மேல் விழுந்து அழுதார்கள். தலைமாட்டில் மீனாட்சி ஆச்சி உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது, காது நன்றாக இருக்கிறது. அழவில்லை, மகன் நெற்றியில் கையை வைத்தபடியே இருந்தார்.

எடுக்கும் நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. மேனேஜர், கையில் பெரிய ரோஜா மாலை. தொழிலாளர்கள் யாரும் வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அவராக இடித்துக்கொண்டு உள்ளே வந்து, மாலையோடு ஆச்சிக்கு இரண்டடி தள்ளி நின்றார். மேனேஜர் சார் வந்திருக்காக என்று ஆச்சியிடம் யாரோ சொன்னார்கள். ஆச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாடை கட்டுகிறவர்கள் தூக்கக் குனிந்தபோது, கையை நெற்றியிலிருந்து எடுத்து மகன் மார்பில் வைத்தார். முகப்பில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, சீதை ஆச்சி எதிரிலேயே நிற்பதுபோலப் பேசினார்.

"சீதை, நாப்பத்தேழு வருசம் வச்சிருந்தேன். உம் பிள்ளைய உங்கிட்டயே அனுப்புறேன். வாங்கிக்க."

மேனேஜர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டின் முகப்பில், அத்தனை பேர் நடுவில், வயிரவன் யார் பிள்ளை என்று அன்றைக்கு யாரும் விசாரிக்கவில்லை.

அண்ணே, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு! அன்றைக்கு விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்களே. வேலை போய்விடும், வரவேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான், நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள் உங்கள் ஆத்தா. சொல்லும்போது அவர்கள் கண் கிணற்றடியில் நின்ற உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. போய்வாருங்கள்.